நெட்டைக்கு யார் 'உள்ளேன்' சொல்வது

அந்த ஏழு மாடி மருத்துவமனையில் நான்கு லிஃப்டுகள் உண்டு. நான்கையும் பார்த்துக்கொள்கிற மனிதர் லிஃப்டில் போனதைவிடப் படியில் ஏறியதுதான் அதிகம். லிஃப்ட் நின்றுபோனால்தான் அவரைக் கூப்பிடுவார்கள்; அதை ஓட்டுகிற மோட்டாரும் கயிறும் இருக்கும் அறையோ மொட்டை மாடியில். இடது முழங்கால் பாதிக்குமேல் மடங்காது. ஒரு படிக்கு வலது காலை வைத்து, இடது காலைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, அடுத்த படிக்குப் போவார். வயது அறுபத்தொன்று. ஓய்வு கொடுத்து அனுப்பிய நிர்வாகமே, புதிதாக வந்தவனுக்கு இரண்டாம் எண் லிஃப்டின் கதவுக் கோளாறு பிடிபடவில்லை என்று மூன்றாம் மாதமே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது.

மருத்துவமனையில் அவர் லிஃப்ட்காரர். ராணுவ அகாடமியில் அவரோடு படித்த பேட்ச்சில் அவருக்குப் பெயர் முக்கால்.

ஆறாறு மாதமாக நான்கு டெர்ம் படிப்பில் மூன்றை முடித்தவர். நான்காவது தொடங்கிய இரண்டாம் வாரம், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், ஒன்பதடிச் சுவரைத் தாண்டும் பயிற்சியில் கை வழுக்கிக் கீழே விழுந்தார். முட்டிச் சில்லு மூன்றாக உடைந்திருந்தது. மருத்துவக் குழு பத்து நிமிடம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னது. வீட்டில் படுத்திருந்தபோது வந்த முதல் கடிதம் அறைத்தோழன் நெட்டை எழுதியது. "அன்புள்ள முக்கால்" என்று தொடங்கியிருந்தது. கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சிரித்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கடிதத்தின் மூன்றாம் பத்தியில் இன்னொரு செய்தியும் இருந்தது. முக்காலின் கட்டிலுக்கு வேறு ஆள் வந்துவிட்டான். மேல் பேட்ச்சில் வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிக்கும் பரீட்சையில் தோற்று, ஒரு டெர்ம் பின்னுக்குத் தள்ளப்பட்டவன். பழைய பேட்ச் ஆள் என்பதால் அவனுக்குப் பழசு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பையனாகத்தான் தெரிகிறான் என்று நெட்டை எழுதியிருந்தான்.

அந்த 'நல்ல பையனாகத்தான்' என்ற சொல்லை முக்கால் நாற்பது வருடம் செரிக்க முடியாமல் வைத்திருந்தார்.

இரண்டு பேர் தங்கும் அறை அது. அலமாரிக் கதவின் உட்புறத்தில் பெல்ட் மாட்டுவதற்கு முக்கால் ஒரு ஆணி அடித்திருந்தார். பத்தாவது வருடச் சந்திப்பில், எல்லாரும் சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, பழசு சொன்னார்: எவனோ ஒரு புண்ணியவான் அலமாரியில் ஆணி அடித்து வைத்திருந்தான், ரொம்ப உபயோகமாக இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அடித்தது யார் என்று நெட்டை சொல்லுவான் என்று முக்கால் காத்திருந்தார். நெட்டை அந்தப் பக்கம் யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். முக்காலும் சிரித்துவைத்தார்.

கட்டிலோடு போயிருந்தால் பரவாயில்லை. பயிற்சி முடிந்ததும் நெட்டையும் பழசும் ஒரே படைப்பிரிவுக்குப் போனார்கள். பதினோரு வருடம் சேர்ந்திருந்தார்கள். ஏதோ ஒரு பனிமலைக் காவல்சாவடியில் இரண்டு குளிர்காலம் ஒன்றாகக் கிடந்தார்கள். அதன்பிறகு எந்தச் சந்திப்பிலும் அவர்களுக்கு முழு வாக்கியம் தேவைப்படவில்லை. "அந்தத் தண்ணி டேங்க்..." என்று ஒருவர் தொடங்கினால் மற்றவர் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். முக்கால் என்ன என்று கேட்பார். இருவரும் மாறி மாறி விளக்குவார்கள். விளக்கிச் சொன்ன வேடிக்கை ஆறிப்போன காபி மாதிரி, மரியாதைக்காகக் குடிக்கலாம்.

முக்காலிடம் இருந்தது ஒன்றுதான்: பட்டியல். மற்றவர்கள் மூன்று வருடத்துக்கு ஒரு ஊர் மாறினார்கள். முக்கால் ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே வீடு. அதனால் எல்லாருடைய முகவரி மாற்றமும் அவருக்கே வந்தது. முதலில் ஒரு நோட்டில் எழுதினார். பிறகு தட்டச்சு செய்தார். பிறகு மகள் கணினியில் ஏற்றிக் கொடுத்தாள். யாருக்குப் பதவி உயர்வு, யாருக்குக் குழந்தை, யார் காயம், யார் இறப்பு, எல்லாம் அவர் வழியாகத்தான் அறுபது வீடுகளுக்குப் போகும். போன் செய்தால் வணக்கத்துக்கு முன்பே "யாருடா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் அவருக்கு ரகசியமான ஒரு பெருமை உண்டு.

தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவர் மனைவிக்கு இந்தப் பட்டியலைக் கண்டால் ஆகாது. ஒருமுறை சொன்னார்: "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுக்குறது உங்க வேலை. நீங்க நாப்பது வருஷமா ஒரே ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கீங்க. எந்த பட்டனை அமுக்குறதுன்னுதான் எனக்குத் தெரியலை."

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் சந்திப்பில் ஒரு வழக்கம் இருந்தது. அதைச் சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும்.

அகாடமியில் விடிவதற்குள் மைதானத்தில் வரிசையில் நிறுத்தி எண்களை வாசிப்பார்கள். அவரவர் எண்ணுக்கு அவரவர் 'உள்ளேன்' சொல்ல வேண்டும். எழுந்திருக்காதவனுக்கு அறைத்தோழன் இருட்டில் குரலை மாற்றிச் சொல்லிவிடுவான். எல்லா அறையிலும் நடந்த திருட்டுத்தனம்தான். ஆனால் நெட்டை மாதிரித் தூங்கியவன் யாரும் கிடையாது. பக்கத்தில் பீரங்கி வெடித்தாலும் புரண்டு படுப்பான். நானூற்றுப் பதினாறு என்றதும் முக்கால் கனத்த குரலில் 'உள்ளேன்' என்பார்; நானூற்றுப் பதினேழு என்றதும் சொந்தக் குரலில் இன்னொரு 'உள்ளேன்'. ஒருநாள் குளிரில் இரண்டையும் கனத்த குரலிலேயே சொல்லிவிட்டார். பயிற்சி ஹவில்தார் டார்ச் வெளிச்சத்தை முகத்தில் அடித்து, "உனக்கு ஒரே ராத்திரியில இன்னொரு தலை முளைச்சிடுச்சா?" என்று கேட்டார். தூக்கத்திலிருந்து இழுத்து வரப்பட்ட நெட்டையும் முக்காலும் முழங்கையால் மைதானத்தை இரண்டு சுற்று ஊர்ந்தார்கள்.

பயிற்சி முடிந்து ஐந்தாம் வருடம் முதல் சந்திப்பு. அதற்குள் எல்லைச் சண்டையில் இரண்டு பேர் போயிருந்தார்கள். வேடிக்கைக்காக அதே ஹவில்தாரை அழைத்து வந்து, காலை உணவுக்கு முன் எண்களை வாசிக்கச் சொன்னார்கள். அவர் கையில் பழைய தாள். இறந்தவன் ஒருவனின் எண்ணையும் வாசித்துவிட்டார். கூடம் அப்படியே நின்றது. அந்த அமைதியில், இறந்தவனின் அறைத்தோழன், பழக்கம் விடாமல், "உள்ளேன்" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. அடுத்த எண் வாசிக்கப்பட்டது. அன்றிலிருந்து அது வழக்கமானது. போனவனுக்கு அவன் அறைத்தோழன் எழுந்து நின்று சொல்வான்.

முக்கால் எல்லாச் சந்திப்புக்கும் போனார். ஆனால் வாசிக்கப்படும் தாள் பயிற்சியை முடித்து வெளியேறியவர்களுடையது. நானூற்றுப் பதினாறுக்குப் பிறகு நானூற்றுப் பதினெட்டு வரும். நடுவில் ஒரு மூச்சு அளவு இடைவெளி இருப்பதாக அவர் காதுக்கு மட்டும் தோன்றும்.

நாற்பதாவது வருடச் சந்திப்புக்கு ஐந்து மாதம் இருக்கும்போது நெட்டை இறந்தார்.

முக்கால் அப்போது மூன்றாம் எண் லிஃப்டின் அடிக்குழியில் நின்று, தேங்கிய தண்ணீரை வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. பழசு.

"முக்கா, நெட்டை போயிட்டான்டா. காலைல ஆறே காலுக்கு."

முக்காலின் வாயில் முதலில் வந்தது, "பக்கத்துல யாரு இருந்தா?"

"நான்தான். பத்தொன்பது நாளா ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன்."

பத்தொன்பது நாள். போன வாரம்கூட நெட்டை போனில் சளி என்றுதான் சொல்லியிருந்தார். எல்லாச் சாவும் தன் வழியாகப் போகும் என்று இருந்தவருக்கு, இந்த ஒரு சாவு அந்த மனிதன் வாயிலிருந்து வந்தது. தண்ணீரில் நின்றபடி முக்காலுக்கு முதலில் வந்தது வயிற்றெரிச்சல். துக்கம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றுதான் வந்தது. இதை அவர் பிற்பாடு தன் மனைவியிடம் மட்டும் ஒப்புக்கொண்டார்.

அன்று மாலைக்குள் எல்லாருக்கும் போன் செய்தார். பாதிப் பேர் அழுதார்கள். அழுது முடித்ததும், ஏறக்குறைய எல்லாருமே, பழசு எப்படி இருக்கிறான், அவனால் தாங்க முடியாதே என்று கேட்டார்கள். இருக்கிறான் என்று முக்கால் ஐம்பது தடவைக்குமேல் பதில் சொன்னார். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் போனபோது நெட்டையின் வீட்டு வாசலில் வந்தவர்களை வரவேற்று உட்காரவைத்துக்கொண்டிருந்தது பழசு. சவரம் செய்யாத முகம், கசங்கிய சட்டை. நெட்டையின் மனைவி முக்காலைப் பார்த்ததும் எழுந்து வந்து, "உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அவர்தான் சொன்னார் அண்ணா. நீங்க பயந்துடுவீங்கன்னார்" என்றார். முக்கால் தலையாட்டினார். பழசைப் பயமுறுத்தலாம், என்னைப் பயமுறுத்தக் கூடாதா என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

சந்திப்புக்கான தாளை அடிப்பது எப்போதும் அவர் வேலை. மூன்று கட்டங்கள்: எண், பெயர், இறந்திருந்தால் யார் சொல்வது. நானூற்றுப் பதினாறுக்கு வந்ததும் கை நின்றது. சாயங்கால வெயில் மேசையில் விழுந்துகொண்டிருந்தது. மனைவி வந்து காபி வைத்துவிட்டுப் போனது தெரியவில்லை. மூன்றாம் கட்டத்தில் தன் பெயரை அடித்தார். அடித்து, அறுபது பேருக்கும் அனுப்பினார்.

இரண்டே மணி நேரத்தில் பேட்ச் சங்கத்தின் செயலாளர் கூப்பிட்டார். தட்டச்சுப் பிழை ஒன்று இருக்கிறது என்று மரியாதையாகத் தொடங்கினார். பிழை இல்லை என்றார் முக்கால். கடைசியில் அறையில் இருந்தவர்தான் சொல்வது முறை என்றார் செயலாளர். பதினெட்டு மாதம் இருந்தவன் நான், ஐந்து மாதம் இருந்தவன் அவன் என்றார் முக்கால். நீங்கள் பேட்ச்சில் சேர்த்தியா என்பதே, என்று தொடங்கிய செயலாளர், பாதியில் நிறுத்திவிட்டு, தலைவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தார். சங்கத்தின் தலைவர் பழசுதான்.

பிரிகேடியராக ஓய்வு பெற்ற பழசு, முன்னறிவிப்பு இல்லாமல், நான்கு நாள் கழித்து, மதியம் மருத்துவமனை மொட்டை மாடி அறைக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். கயிற்றுப் பரிசோதனைக்காக முக்கால் இரண்டு லிஃப்டுகளை நிறுத்திவைத்திருந்தார். மற்ற இரண்டிலும் நோயாளிகளுக்குத்தான் இடம்.

"உன்னைப் பாக்க வந்தா மட்டும் லிஃப்ட் ஓடாது போல," என்றார் பழசு.

"உட்காரு. அந்த டப்பா மேல வேணாம், கிரீஸ் இருக்கு."

பழசு கைக்குட்டையை விரித்து இரும்புச் சட்டத்தின்மேல் உட்கார்ந்தார். முக்கால் வேலையை நிறுத்தவில்லை. இடது கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கயிறு முழுக்கத் தடவி, அறுந்த கம்பி இழை துணியில் மாட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

"சண்டை போட வரலைடா. என் இடத்துல உன் பேரைப் போட்டிருக்கியே, அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"அது உன் இடம்னு யாரு சொன்னா?"

"முறைன்னு ஒண்ணு இருக்கு."

"முப்பத்தஞ்சு வருஷமா அந்தத் தாளை நான்தான் அடிக்கிறேன். முறைன்னு எங்கயும் நான் அடிச்சதில்லை."

பழசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி. அப்ப உன் நம்பரையும் சேர்த்து அடிச்சிருக்கலாமே? நானூத்திப் பதினேழு. யாரு கேக்கப் போறாங்க?"

"அது பொய். நான் முடிக்கலை."

"அப்ப இது?"

"இது பொய் இல்லை."

பழசு கைக்குட்டையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். கீழே ஏதோ மாடியில் ஒரு லிஃப்டின் கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது. பிறகு அவர், "நான் அவனுக்கு ஒரு நாள்கூட உள்ளேன் சொன்னதில்லைடா" என்றார்.

முக்காலின் கை நின்றது. "அஞ்சு மாசத்துல ஒரு நாள்கூடவா? அவனுக்கா?"

"நான் வந்தப்புறம் அவன் தூங்கிப் பாத்ததில்லை. பிகில் ஊதுறதுக்கு முன்னாடியே பூட்ஸ் மாட்டிக்கிட்டுக் கட்டில்ல உட்கார்ந்திருப்பான். என்னடா இதுன்னு கேட்டேன். சொல்றவன் வீட்டுக்குப் போயிட்டான், இனிமே நானே எழுந்துக்கணும்னு சொன்னான்."

"எப்ப?"

"வந்த முதல் வாரம்."

"என்கிட்ட சொன்னதே இல்லையே."

"உன்கிட்ட எதுக்குடா அதைச் சொல்லணும்?"

வேறு யாராக இருந்தாலும் மனம் ஆற நெட்டையின் அந்த ஒரு வார்த்தை போதும். முக்காலுக்கும் போதுமாகத்தான் இருந்தது, கையைத் துடைத்துக்கொள்ளும் நேரம் வரைக்கும். பிறகு பழைய எரிச்சல் வேறு பக்கமாக உள்ளே வந்தது. இது என்னுடையது. நெட்டை என்னைப் பற்றிச் சொன்னது. இதை இவன் நாற்பது வருடம் தன் பையில் வைத்திருந்திருக்கிறான். எனக்குச் சேர வேண்டியதுகூட இவன் கை வழியாகத்தான் எனக்கு வர வேண்டுமா?

"நீயே சொல்லு. செயலாளர்கிட்ட நான் பேசிக்கிறேன்," என்று பழசு எழுந்தார். கைக்குட்டையை உதறி மடித்தார். வாக்குவாதம் இல்லை, முகம் சுளிப்பு இல்லை. விட்டுக்கொடுப்பதுகூட அந்த மனிதனுக்கு இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று முக்காலுக்குத் தாங்கவில்லை. பிடுங்கி வாங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கதவருகே போய்ப் பழசு நின்றார். "எனக்குன்னு இருந்தவன் அவன் ஒருத்தன்தான். என் நம்பருக்கு நேரா இப்ப யாரும் இல்லை. யோசிச்சு வை."

"பாக்கலாம்," என்றார் முக்கால். லிஃப்டை ஓடவிட்டு, அவரைக் கீழே அனுப்பினார்.

சந்திப்பு அகாடமியின் பழைய உணவுக்கூடத்தில் நடந்தது. நீள மேசைகள், கண்ணாடி ஜன்னல்கள், சுவரில் ஒவ்வொரு பேட்ச்சின் படமும். நாற்பத்தாறு பேர் வந்திருந்தார்கள், மனைவிமாரும் சேர்ந்து. முக்கால் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஒரு வாரமாக வீட்டில் குளியலறைக்குள் 'உள்ளேன்' சொல்லிப் பார்த்திருந்தார். மனைவி வெளியிலிருந்து, "உள்ள இருக்கீங்கன்னு தெரியும், சீக்கிரம் வாங்க" என்று குரல் கொடுத்திருந்தார்.

செயலாளர் வாசித்துக்கொண்டே வந்தார். உயிரோடிருந்தவர்கள் கிழட்டுக் குரலில் பதில் சொன்னார்கள். இறந்தவர்களின் எண்ணுக்கு ஒவ்வொருவராக எழுந்து நின்று சொன்னார்கள்.

"நானூற்றுப் பதினாறு."

முக்கால் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எதிர் வரிசையில், நெட்டையின் மனைவிக்குப் பக்கத்தில், பழசு உட்கார்ந்திருந்தார்.

"உள்ளேன்," என்றார் முக்கால்.

குரல் உடையவில்லை. எந்தப் பக்கமும் சாயாமல் கூடத்தின் நடுவில் போய் விழுந்தது. அடுத்து நானூற்றுப் பதினெட்டு வாசிக்கப்பட்டது. அவர் உட்கார்ந்தார்.

பிறகு நெட்டையின் மனைவி வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நல்லா சொன்னீங்க அண்ணா என்றார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அப்புறம் பழசின் தட்டில் ஒன்றும் இல்லை என்று பார்த்து அங்கே போய்ப் பரிமாறினார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் இருக்கை மனைவிக்கு. இரண்டு ஊர் தாண்டிய பிறகு முக்கால் கேட்டார்:

"அவன் வாய் அசைஞ்சுதா, பாத்தியா?"

"யாரு வாய்?"

"பழசு. நான் சொல்றப்ப அவனும் கூடவே சொன்னானா?"

மனைவி ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். "அங்க பாதிப் பேர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. உங்களைப் பாத்து நானே அழுதேன். நீங்க என்னடான்னா நின்னுக்கிட்டு அவர் வாயைப் பாத்திருக்கீங்க."

"அசைஞ்சுது."

"அசைஞ்சா அசையட்டும். அவருக்கு மட்டும் வலிக்காதா?"

முக்கால் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். பேனாவை எடுத்து, ஓடுகிற பஸ்ஸில் தாளைத் தொடைமேல் வைத்து, பழசின் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தார். நேராக இருந்த காலிக் கட்டத்தில் தன் பெயரை எழுதினார். பஸ் குலுங்கியதில் எழுத்து கோணியது. அடித்துவிட்டு மேலே இன்னொரு முறை திருத்தமாக எழுதினார்.

மனைவி எட்டிப் பார்த்தார். "அவர் நல்லாத்தானேங்க இருக்காரு?"

"இருக்கட்டும்," என்றார் முக்கால். "வேற எவனாவது முந்திக்கிட்டா?"